டென்னிஸ் பாலிலிருந்து ஸ்டிச் பாலுக்கு வந்தால் வரும் கோளாறுகள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு எங்கள் நெட்ஸுக்குப் புதிதாக வருகிறவர்களைப் பல வருடமாகப் பார்க்கிறேன். எல்லாரும் தெருவிலும் மொட்டைமாடியிலும் டென்னிஸ் பாலில் நன்றாக ஆடியவர்கள்தான், சிலர் அவரவர் ஏரியாவில் பெரிய கை. டெஸ்ட் மேட்ச் பார்த்து ஆசை வந்து, வெள்ளை பேன்ட் ஒன்று வாங்கிக்கொண்டு வருவார்கள். இரண்டாவது வாரம் அதே ஏழெட்டுப் புகார்களோடு என் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் எழுதிவைக்கிறேன்.

டென்னிஸ் பால் 58 கிராம் பக்கம். ஸ்டிச் பால் 156-லிருந்து 163 கிராம் வரை. கிட்டத்தட்ட மூன்று மடங்கு கனம், கல்லு மாதிரி இறுக்கம், நடுவில் தையல். தெருவில் எந்தப் பழக்கம் உங்களை ஜெயிக்கவைத்ததோ அதே பழக்கம்தான் பெரும்பாலும் இங்கே கோளாறாக நிற்கும். உங்கள் தொல்லை எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள், முதலில் சொல்லியிருப்பதை முதலில் பாருங்கள். காசு செலவாகும் விஷயங்களைக் கடைசியில்தான் வைத்திருக்கிறேன். எல்லாம் வலது கை ஆட்டக்காரருக்குச் சொன்னது, இடது கை என்றால் திருப்பிப்போட்டுக்கொள்ளுங்கள்.

பந்து வந்தாலே கால் ஸ்கொயர் லெக் பக்கம் (பந்தை விட்டு விலகி முதுகுப் பக்கம்) ஓடுகிறது

நம்பர் ஒன் புகார் இதுதான். இதை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள், நாம்தான் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் கிட்டைப் பாருங்கள். அப்டமன் கார்டு (இடுப்புக்குக் கீழே காக்கிற கவசம்) போட்டிருக்கிறீர்களா, போட்டது நகராமல் நிற்கிறதா? ஹெல்மெட் தலையை ஆட்டினால் தனியாக ஆடுகிறதா? கிரில்லுக்கும் ஹெல்மெட்டின் முன் விளிம்புக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் ஒரு பந்தை வைத்து அழுத்திப் பாருங்கள், உள்ளே போனால் அந்த ஹெல்மெட் உங்களைக் காப்பாற்றாது. பேடு முட்டிக்குச் சரியாக உட்கார்ந்திருக்கிறதா? கடன் வாங்கிய கிட்டில் இது எதுவுமே சரியாக இருக்காது. உடம்புக்குத் தெரியும், அதனால்தான் கால் ஓடுகிறது.

போன வருடம் ஒரு தம்பி வந்தான். இருபத்தேழு வயசு, ஐடி வேலை, பிளாஸ்டிக் கவர் பிரிக்காத இங்கிலீஷ் வில்லோ மட்டை. முதல் பந்துக்கே லெக் அம்பயரிடம் போய் நின்றான். அப்டமன் கார்டு எங்கேடா என்றால், "மட்டை வாங்கினதுல காசு தீர்ந்துடுச்சுண்ணே" என்கிறான். இருநூறு முந்நூறு ரூபாய் சாமான்! அதைப் போட்ட அன்றைக்கே பாதி சரியாகிவிட்டது.

கிட் சரியாக இருந்தும் கால் ஓடினால்

அடி விழுந்தால் எப்படி இருக்கும் என்று தெரியாத பயம் அது. பேடு கட்டிக்கொண்டு மட்டையைக் கீழே போட்டுவிட்டு நில்லுங்கள். நண்பரைப் பத்தடி தள்ளி நிற்கவைத்து, பழைய ஸ்டிச் பாலைக் கையைத் தாழ்த்தி உங்கள் பேடு மேலேயே பத்துத் தடவை எறியச் சொல்லுங்கள். வலிக்காது. மூளைக்கு இது புரிந்தால் போதும். அப்புறம் மட்டையோடு நின்று, பின்காலுக்கு லெக் பக்கம் ஒட்டினாற்போல் கிட் பேக்கைக் குறுக்கே வைத்துக்கொள்ளுங்கள். கால் ஓடினால் பேக்கில் இடிக்கும். எறிகிற தூரத்தையும் வேகத்தையும் வாராவாரம் கொஞ்சம் கூட்டுங்கள். அவசரப்பட்டு நெட்ஸிலேயே வேகமான ஆளிடம் போய் நிற்காதீர்கள், ஒரு அடி விழுந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இதில் ஒரு கிளைக்கதை. கடையில் கார்க் பால் என்று முழுக்கக் கார்க்கில் செய்த ஒன்று மலிவாகக் கிடைக்கும். ஊர்ப்பக்கம் ஸ்டிச் பாலையும் கார்க் பால் என்றே சொல்வோம், ஆனால் இது வேறு. இன்னும் தாறுமாறாக எகிறும், பட்டால் வலியும் கூடுதல். பழகுவதற்கு அது வேண்டாம். பெரிய டீம்கள் ஆடி முடித்த பழைய லெதர் பால் கேட்டால் சும்மாவே தருவார்கள்.

ஒரு மாதம் கழித்தும் பந்து கடைசி நிமிஷத்தில்தான் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் கண் டாக்டரிடம் போய்ப் பவர் பார்த்துவிடுங்கள். எங்கள் நெட்ஸில் இரண்டு பேருக்குப் பிரச்சினையே அதுதான்.

தலையில் அடி பட்டால் மட்டும் எந்த வரிசையும் கிடையாது. அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, உட்காருங்கள். தலைவலி, வாந்தி, மயக்கம், பேச்சுக் குழறல், இரண்டிரண்டாகத் தெரிவது, இதில் ஒன்று இருந்தாலும் நேராக ஆஸ்பத்திரி. 2019-லிருந்து டெஸ்டிலேயே தலையில் அடிபட்டவருக்குப் பதில் ஆள் இறக்கலாம். லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவின் ஸ்மித்துக்குப் பதிலாக லபுஷேன் இறங்கியது அப்படித்தான். பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டையும் விரிசல் தெரியாவிட்டால்கூடத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தில் நிக் எடுத்து (மட்டை விளிம்பில் உரசி) கீப்பர் கையில் போகிறது

தெருவில் ஸ்லிப் கிடையாது. கீப்பர் என்பது பாதி நேரம் சுவர்தான். வெளியே போகிற பந்தைத் துரத்தி அடித்தால், பட்டால் ரன், படாவிட்டால் அடுத்த பந்து. அந்தக் கணக்கு இங்கே செல்லாது.

முதல் சோதனை: உங்கள் ஆஃப் ஸ்டம்ப் எங்கே இருக்கிறது என்று தெரியுமா? கார்டு எடுத்து (நிற்கிற இடத்தை அம்பயரிடம் கேட்டுக் குறித்து) நின்று, திரும்பிப் பார்க்காமல், மட்டையால் ஆஃப் ஸ்டம்புக்கு நேராகத் தரையில் ஒரு கோடு கிழியுங்கள். இப்போது திரும்பிப் பாருங்கள். புதியவர்கள் பெரும்பாலும் ஒரு ஜாண் தள்ளிக் கிழித்திருப்பார்கள். அம்பயரிடம் "மிடில்" கேட்டு, தினமும் அதே கார்டு, அதே இடம் என்று வைத்துக்கொண்டால் இது இரண்டு வாரத்தில் சரியாகும்.

அடுத்தது, விடுவதை ஒரு ஷாட்டாகப் பழகுவது. நெட்ஸில் முதல் பன்னிரண்டு பந்துக்கு ஒரு விளையாட்டு: ஸ்டம்புக்கு வருவதை மட்டும் ஆட வேண்டும், வெளியே போவதைத் தொட்டால் அவுட், வெளியே வந்துவிட வேண்டும். ஓசி காஜி (சும்மா இன்னொரு பேட்டிங்) கிடையாது. முதல் நாள் மூன்று பந்து தாண்ட மாட்டீர்கள். சச்சின் 2004 ஜனவரியில் சிட்னியில் 241 நாட் அவுட் அடித்த இன்னிங்ஸைத் தேடிப் பாருங்கள். அந்தத் தொடரில் ஆஃப் பக்கம் துரத்தி அவுட்டாகிக்கொண்டே இருந்தவர், 436 பந்து ஆடிய அந்த இன்னிங்ஸில் கவர் டிரைவையே மூட்டை கட்டி வைத்துவிட்டார். அவரே விடும்போது நாம் விட்டால் என்ன குறைந்துவிடும்?

விட வேண்டியதை விட்டும், ஆடுகிற பந்தில் நிக் வந்தால்

கீழ்க்கையைப் பாருங்கள். டென்னிஸ் பாலை அடிக்க வலது கைதான் வேலை செய்யும், அதனால் பிடி இறுகி மட்டை குறுக்கே வரும். கட்டை போடும்போது (தடுத்து ஆடும்போது) வலது கையைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டால் மட்டும் பிடித்து ஆடிப் பாருங்கள். பந்து உங்கள் காலடியிலேயே விழுந்தால் சரி, முன்னால் பாய்ந்தால் இன்னும் இறுக்கம் இருக்கிறது.

அதற்கும் பிறகுதான் மட்டையின் கனம். இடது கையால் மட்டும் பிடித்து மட்டையை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை நடுங்காமல் நிறுத்த முடியவில்லை என்றால் அது உங்களுக்குக் கனமான மட்டை. மாற்றுவதற்கு முன் டீமில் வேறொருவருடைய மட்டையில் இரண்டு வாரம் ஆடிப் பாருங்கள்.

எல்பியிலேயே அவுட் ஆகிறேன், ஏன் என்றே புரியவில்லை

தெருவில் எல்பி (ஸ்டம்புக்குப் போகிற பந்தைக் காலால் மறைத்தால் அவுட்) கிடையாது, அதுதான் காரணம். காலை முன்னால் போட்டுப் பந்தை மறைத்துப் பழகிவிட்டீர்கள்.

விதியை இவ்வளவு தெரிந்துகொண்டால் போதும். லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச் ஆன பந்துக்கு எல்பி கிடையாது, வேறு எதையும் பார்க்க வேண்டாம். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே காலில் பட்டு, நீங்கள் ஆட முயன்றிருந்தால் அப்போதும் கிடையாது. மட்டையைத் தூக்கிக்கொண்டு சும்மா நின்றால் அந்தச் சலுகை போய்விடும். மற்றபடி ஸ்டம்பில் போய் இடிக்கும் என்று அம்பயர் நினைத்தால் விரல் மேலே போகும். 1986-ல் ஆஸ்திரேலியாவோடு ஆடிய சேப்பாக்கம் டெஸ்ட் டை (சமம்) ஆனதே மணிந்தர் சிங்குக்கு விழுந்த எல்பியில்தான், அதனால் அம்பயரிடம் சண்டை வேண்டாம்.

பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: முன்கால் பந்துக்குக் குறுக்கே விழுகிறதா, பந்துக்குப் பக்கத்தில் விழுகிறதா. செல்போனை பவுலர் பக்கத்து ஸ்டம்புக்குப் பின்னால் வைத்து வீடியோ எடுங்கள். பாதம் கவர் பக்கம் பார்க்காமல் மிட் ஆஃப் பக்கம் பார்த்தால் மட்டை வருவதற்கு வழி கிடைக்கும்.

பவுலிங் போட்டால் எல்லாம் ஷார்ட்டாக விழுகிறது, அடி வாங்குகிறேன்

டென்னிஸ் பாலைக் குத்தினால்தான் எகிறும். ஸ்டிச் பால் தானாக எகிறும், அதை மேலே, அதாவது பேட்ஸ்மேனுக்குப் பக்கத்தில் விழுகிற மாதிரி போட வேண்டும். பேட்ஸ்மேன் ஸ்டம்பிலிருந்து ஆறு பெரிய எட்டு வைத்து அங்கே ஒரு கைக்குட்டையை விரியுங்கள். நம் வேகத்துக்கு அதுதான் லென்த். பந்தைக் கொஞ்சம் தாமதமாக விடுகிறீர்கள், அதனால்தான் ஷார்ட். பேட்ஸ்மேன் இல்லாமல் ஆறு ஆறாகப் போட்டு, எத்தனை கைக்குட்டைக்குப் பக்கத்தில் விழுகிறது என்று எண்ணுங்கள். ஆறுக்கு மூன்று வரும்வரை ஸ்விங் பற்றிப் பேச்சே வேண்டாம்.

லென்த் சரி, நோபால் விழுகிறது

ரன்னப்பை (ஓடிவருகிற தூரத்தை) அளக்கவில்லை. கிரீஸில் நின்று பவுண்டரி பக்கம் பார்த்து, உங்கள் இஷ்டத்துக்கு ஓடிப் பந்து போடுகிற மாதிரி துள்ளுங்கள். முன்கால் விழுந்த இடத்தை நண்பர் குறிக்கட்டும். ஐந்தாறு தடவை செய்தால் குறிகள் ஓரிடத்தில் சேரும், அங்கேயிருந்து கிரீஸ் வரை அடி வைத்து எண்ணிக்கொள்ளுங்கள். அந்த எண்ணிக்கை இனி உங்கள் சொத்து. முன்காலில் கொஞ்சமாவது கிரீஸுக்குப் பின்னால் இருக்க வேண்டும், கோட்டின் மேலேயே இருந்தால் நோபால். பின்கால் பக்கக் கோட்டைத் தொடவே கூடாது, இது நிறையப் பேருக்குத் தெரியாது.

ஸ்விங்கே ஆகவில்லை

தையலைப் பாருங்கள். பந்தின் ஒரு பாதியில் வெள்ளை டேப் ஒட்டி நண்பருக்கு எறியுங்கள். வெள்ளையும் சிவப்பும் தனித்தனியாகத் தெரிந்தால் தையல் நேராகப் போகிறது, கலங்கலாகத் தெரிந்தால் மணிக்கட்டு சாய்கிறது. அவுட்ஸ்விங்குக்குத் தையல் முதல் ஸ்லிப்பைப் பார்க்கட்டும், பளபளப்பு லெக் பக்கம். ஒரு பக்கத்தை மட்டும் தேயுங்கள், பதினோரு பேரும் அதே பக்கத்தை. எச்சில் வேண்டாம், சர்வதேச ஆட்டங்களில் 2020-லிருந்து அதற்குத் தடை. சென்னை வெயிலில் வியர்வைக்கா பஞ்சம்? மேட்டிங் பிட்சில் (பாய் விரித்த பிட்சில்) சில ஓவரிலேயே பளபளப்பு போய்விடும், அது உங்கள் தப்பு இல்லை.

"மாங்கா அடிக்கிறான்" என்கிறார்கள்

கையை மடக்கிப் பந்தை எறிகிறீர்கள் என்று அர்த்தம். கோபப்படாமல் பக்கவாட்டிலிருந்து ஸ்லோ மோஷனில் வீடியோ எடுங்கள். கை தோள் உயரத்துக்கு வரும்போது முழங்கை எவ்வளவு மடங்கியிருக்கிறது, பந்தை விடும்போது எவ்வளவு நிமிர்ந்திருக்கிறது என்று பாருங்கள். சர்வதேச அளவில் 15 டிகிரி வரை விடுகிறார்கள். கண்ணுக்கே தெளிவாக நிமிர்வது தெரிந்தால் நீங்களாகத் திருத்தப் பார்க்காதீர்கள், பயிற்சியாளரிடம் போங்கள்.

முதுகு விஷயத்திலும் அப்படித்தான். பவுலிங் போடும்போது கீழ்முதுகில் ஒரு பக்கமாக வலி வந்து, ஓய்வெடுத்தும் மறுபடி போட்டால் அதே இடத்தில் வருகிறதா? தைலம் தேய்த்துக்கொண்டு ஓடாதீர்கள். இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு முதுகெலும்பில் மயிரிழை விரிசல் வருவது சகஜம், எலும்பு டாக்டர் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதுவரை பந்தைத் தொட வேண்டாம்.

கேட்ச் பிடிக்கப் போனால் விரல் வீங்குகிறது

விரல்கள் பந்தைப் பார்த்து நிற்கின்றன, காரணம் பெரும்பாலும் இது ஒன்றுதான். பந்து நெஞ்சுக்கு மேலே வந்தால் விரல் வானத்தைப் பார்க்கட்டும், கீழே வந்தால் தரையைப் பார்க்கட்டும். நெஞ்சுக்கு நேராக வருவதுதான் குழப்பும், முட்டியை மடக்கி ஏதாவது ஒன்றாக மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்தது, கை கட்டை மாதிரி நிற்பது. பந்தோடு சேர்ந்து கை பின்னால் போக வேண்டும், கொதிக்கிற பாத்திரத்தை வாங்கி மெதுவாகக் கீழே வைக்கிற மாதிரி. நனைத்த டென்னிஸ் பாலில் ஐம்பது, அப்புறம் பழைய ஸ்டிச் பாலில் இருபது.

வீங்கிய விரலுக்கு ஐஸைத் துணியில் சுற்றி வையுங்கள். பிறகு விரல் நுனியை நிமிர்த்திப் பாருங்கள். நுனிக் கணு தானாக நிமிராமல் தொங்குகிறது என்றால் அங்கே தசைநாண் அறுந்திருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் போனால் பட்டை கட்டியே சரிசெய்வார்கள், நாள் கடத்தினால் விரல் அப்படியே நின்றுவிடும். மைதானத்தில் எப்போதும் ஒரு அண்ணன் இருப்பார், "கொடு, சுளுக்கு எடுத்துவிடுறேன்" என்று இழுக்க வருவார். கையைக் கொடுக்காதீர்கள்.

இருபது ரன் வந்ததும் கை துறுதுறுத்து அவுட் ஆகிறேன்

ஸ்கோர் நோட்டை வாங்கிப் பாருங்கள். கடைசியாக அவுட்டான ஐந்து இன்னிங்ஸிலும் அதற்கு முந்தைய ஆறு பந்தில் எத்தனை புள்ளி (ரன் வராத பந்து) இருக்கிறது? நான்கு, ஐந்து புள்ளி வரிசையாக இருந்தால் உங்கள் வியாதி பொறுமையின்மை இல்லை, சிங்கிள் எடுக்கத் தெரியாததுதான். கட்டை போட்டுக் கட்டை போட்டு மூச்சு முட்டி, ஒன்றைச் சுற்றுகிறீர்கள். மெதுவாகத் தட்டிவிட்டு ஓடப் பழகினால் பாதி போய்விடும்.

புள்ளிகள் இல்லாமலேயே அவுட்டானால் ஆட்டத்தின் நீளம் இன்னும் மனசில் ஏறவில்லை. ஐந்து நாள், நாளுக்கு 90 ஓவர், எண்பது ஓவர் கழித்துத்தான் புதுப் பந்து, முதல் இன்னிங்ஸில் 200 ரன் பின்தங்கினால் எதிரணி ஃபாலோ ஆன் (உடனே மறுபடி பேட்டிங் ஆடச் சொல்வது) கேட்கலாம், கடைசிவரை அவுட்டாகாமல் நின்றால் தோற்காமல் தப்பலாம். ஆடுவதற்கு நமக்குக் கிடைப்பதென்னவோ முப்பது ஓவர் மேட்ச்தான், ஆனாலும் அந்த நீளத்தை ஒரு தடவையாவது உட்கார்ந்து பாருங்கள். 2021 சிட்னி டெஸ்டின் கடைசி நாள் அதற்குச் சரியான பாடம். விஹாரிக்குத் தொடை பிடித்துக்கொண்டது, அஸ்வினுக்கு முதுகு. நாற்பது ஓவருக்கு மேல் இருவரும் நின்றார்கள், அஸ்வின் அவரிடம் தமிழில் பேசிக்கொண்டே இருந்தது ஸ்டம்ப் மைக்கில் கேட்டது. விஹாரி எடுத்தது 161 பந்தில் 23 ரன், மேட்ச் டிரா. அந்த 23 ரன்னை என் கணக்கில் நான் சதத்துக்கு மேலே வைப்பேன், உங்களுக்குத் தூக்கம் வரலாம்.

நெட்ஸில் செய்ய வேண்டியது: பத்துப் பத்துப் பந்தாக எண்ணுங்கள். பத்து முடிந்ததும் கிரீஸை விட்டு ஒதுங்கி, கையுறையை அவிழ்த்து ஒட்டி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். இதற்கு எந்த டாக்டரும் கிடையாது.

மதியத்துக்கு மேல் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது

காலையில் டீ மட்டும் குடித்துவிட்டு வந்திருப்பீர்கள். பதினொரு மணிக்குப் போகிற சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், தண்ணீர் போதவில்லை. முந்தின இரவிலிருந்தே குடிக்கத் தொடங்குங்கள். வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொள்ளாமல் உப்புப் போட்ட நீர்மோர், எலுமிச்சை, ஓஆர்எஸ், எது கிடைக்கிறதோ அது. பிடித்துக்கொண்டால் காலை நீட்டிப் பாதத்தைத் தன் பக்கம் மெதுவாக இழுத்துப் பிடிக்க வேண்டும். புது ஷூவோடு நாள் முழுக்க ஃபீல்டிங் நின்றாலும் இது வரும்.

சேப்பாக்கம் வெயிலைச் சும்மா நினைக்காதீர்கள். மேலே சொன்ன அதே டை டெஸ்டில் ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் 210 அடித்தார். நடுவில் வாந்தி எடுத்துக்கொண்டே ஆடினார், முடித்ததும் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். நமக்கு அந்த வீரம் வேண்டாம். யாராவது சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு நெருப்பாகச் சுட்டாலோ நிழலில் படுக்கவைத்துத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

புது மட்டை முதல் மேட்சிலேயே பிளந்துவிட்டது

தட்டிப் பழக்காமல் எடுத்துவந்தீர்கள். லின்சீட் எண்ணெயை மெல்லிசாகப் பூசி (கைப்பிடியிலும் ஸ்டிக்கர் மேலும் வேண்டாம்), ஒரு நாள் படுக்கவைத்து, பிறகு மரச் சுத்தியலால் முகப்பிலும் விளிம்பிலும் மெதுவாகத் தொடங்கித் தட்ட வேண்டும். மொத்தம் ஐந்தாறு மணி நேரம், டிவி பார்த்துக்கொண்டே தட்டலாம், பக்கத்து வீட்டுக்காரர் வரும்வரை. அப்புறம் பழைய பந்தில் நெட்ஸ், கடைசியில்தான் மேட்ச். அந்த ஐடி தம்பியின் மட்டை மூன்றாவது வாரமே கீழ்முனையில் விரிந்தது, மேட்டிங்கில் யார்க்கரைக் குத்தியது காரணம். மேட்டிங்குக்கும் நெட்ஸுக்கும் காஷ்மீர் வில்லோ போதும்.

மேலாக மயிர்க்கோடு மாதிரி விரிசல் இருந்தால் ஃபைபர் டேப் சுற்றி ஆடலாம். முனை விரிந்து உப்பியிருந்தால் ஈரம் ஏறும் முன் ரிப்பேர் கடையில் பசை வைத்துக் கிளாம்ப் போடச் சொல்லுங்கள். கைப்பிடியில் கிரிச்சென்று சத்தம் வந்தால் கைப்பிடியை மட்டும் மாற்றித் தருவார்கள், புது மட்டை தேவையில்லை. பிளேடு நடுவில் நீளமாகப் பிளந்திருந்தால் கடைக்காரர் என்ன சொன்னாலும் காசு கொடுக்காதீர்கள், நெட்ஸில் பவுலர் பக்கத்து ஸ்டம்பாக நட்டுக்கொள்ளுங்கள்.